புதருக்குப் பின்னால் குந்தியிருந்த மனிதன்

1643ஆம் ஆண்டில் ஹார்லெம் நகரத்து ஓவியர் ஐசாக் வான் ஓஸ்டாட ஒரு கிராமத்துச் சந்தையை வரைந்தார். பின்னணியில் தேவாலயம்; முன்னால் விற்பவர், வாங்குபவர், ஒன்றும் வாங்காமல் சுற்றித் திரிபவர் எனச் சந்தைக்கே உரிய சனத்திரள். படத்தின் ஓரத்தில் ஒருவன் கால்சட்டையை இறக்கிவிட்டுக் குந்தியிருந்தான். சந்தைக்குப் போன மனிதனுக்கும் வயிறு என்று ஒன்று உண்டல்லவா? ஓவியம் பின்னாளில் இங்கிலாந்து அரச குடும்பத்தின் சேகரிப்புக்குப் போய்ச் சேர்ந்தது. 1903இல் அது சீரமைப்புக்குச் சென்றபோது, அந்த மனிதன்மேல் ஒரு புதர் முளைத்தது. வண்ணக் குழம்பால் ஆன புதர். 112 ஆண்டுகள் அவன் அதன் பின்னால் பொறுமையாகக் காத்திருந்தான். 2015இல் ஒரு கண்காட்சிக்காக ஓவியத்தைத் தூய்மை செய்தபோதுதான் புதர் அகன்றது. அவன் அதே வேலையில், அதே நிம்மதியோடு இருந்தான்.

இந்தக் கட்டுரையை நாம் அந்த மனிதனின் தரப்பில் நின்று எழுதுகிறோம்.

17ஆம் நூற்றாண்டின் டச்சு, ஃப்ளெமிய ஓவியம் என்று பேச்செடுத்தால் நம் இலக்கிய நண்பர்கள் மூன்று பெயர்களைச் சொல்வார்கள்: ரெம்ப்ராண்ட், வெர்மீர், ரூபென்ஸ். சற்றுக் கூடுதலாகப் படித்தவர்கள் ஃப்ரான்ஸ் ஹால்ஸையும் சேர்த்துக்கொள்வார்கள். சொல்லும்போதே குரல் தாழும், முகம் இறுகும், ஒளி, மௌனம், அகம் என்ற மூன்று சொற்களும் தவறாமல் வந்துவிடும். இம்மூன்று சொற்களைக் கொண்டே எந்த வெர்மீர் ஓவியத்தைப் பற்றியும் நான்கு பக்கம் எழுதிவிட முடியும் என்பதை நாம் அறிவோம். படத்தைப் பார்க்க வேண்டிய தேவைகூட இல்லை.

அந்த மூவரும் பெரியவர்கள்தாம்; அதில் நமக்கு ஐயமே இல்லை. நம் சண்டை அவர்களோடன்று, அவர்களைக் கோயில் மூலவர்களாக்கி, மற்ற நூற்றுக்கணக்கான ஓவியர்களை வெளிப்பிராகாரத்தில் நிறுத்திவைத்திருக்கும் பூசாரிகளோடு. குறிப்பாக, சிரிக்கத் தெரிந்த ஓவியர்களை இவர்கள் 'சில்லறைக் கலைஞர்கள்' என்று ஒதுக்குவதைத்தான் நம்மால் பொறுக்க முடியவில்லை.

*

புதர் தனித்த ஒரு நிகழ்வென்று எண்ணிவிட வேண்டாம். கேம்பிரிட்ஜின் ஃபிட்ஸ்வில்லியம் அருங்காட்சியகத்தில் ஹெண்ட்ரிக் வான் அந்தோனிசன் 1641ஐ ஒட்டி வரைந்த கடற்கரைக் காட்சி ஒன்று உண்டு. 1873 முதல் அங்கே இருக்கிறது. ஸ்கேவனிங்கன் கடற்கரை மணலில் மனிதர்கள் கூட்டமாக நின்று எதையோ பார்த்துக்கொண்டிருப்பார்கள். எதைப் பார்க்கிறார்கள் என்பதுதான் படத்தில் இருக்காது. வெறும் கடல், வெறும் மணல். கடலின் முன் மனிதனின் தனிமையைப் பேசும் ஓவியம் என்று யாரேனும் அதைப் போற்றியிருந்தால் நாம் வியப்படைய மாட்டோம்.

2014இல் அதைத் தூய்மை செய்த சீரமைப்பாளருக்கு முதலில் தென்பட்டது அந்தரத்தில் நிற்கும் ஒரு மனிதன். அடுத்து, அவனருகே பாய்மரம்போல ஏதோ ஒன்று. மேலும் சுரண்டச் சுரண்டப் பாய்மரம் துடுப்பாயிற்று, துடுப்பு திமிங்கிலமாயிற்று. கரையொதுங்கிச் செத்துக் கிடக்கும் முழுத் திமிங்கிலம்; அந்தரத்து மனிதன் ஏறி நின்றது அதன் முதுகில். செத்த பிராணியை வரவேற்பறையில் மாட்டி வைக்க மனமில்லாத யாரோ ஒரு புண்ணியவானின் வேலையாக இருக்கலாம். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பவர்களை நமக்குத் தெரியும். முழுத் திமிங்கிலத்தை மணலில் மறைத்தவர்கள் முன்னால் அவர்களெல்லாம் கத்துக்குட்டிகள்.

மூன்றாவது மறைப்பு நேர் எதிர்த் திசையிலானது. ஹார்லெமைச் சேர்ந்த யூடித் லெய்ஸ்டர் (1609-1660) வரைந்த 'கடைசிச் சொட்டு' இன்று ஃபிலடெல்ஃபியா அருங்காட்சியகத்தில் இருக்கிறது. இரவு முழுக்கக் குடித்த இரு வாலிபர்கள். ஒருவன் குடுவையைக் கவிழ்த்து அடிமண்டிவரை உறிஞ்சுகிறான். நெடுங்காலம் இது உல்லாசக் குடியர்களின் படம் என்றே அறியப்பட்டிருந்தது. 1990களின் தொடக்கத்தில் மேற்பூச்சை அகற்றியபோது இருவருக்கும் நடுவே ஓர் எலும்புக்கூடு எழுந்து நின்றது, கையில் மணற்கடிகையும் மண்டையோடுமாக. நேரம் முடிந்துவிட்டது தம்பிகளே என்று கடைக்காரர் வந்து சொல்வதுபோலத்தான் அது நிற்கிறது. உல்லாசப் படம் நல்ல விலைக்குப் போகும், சாவு போகாது என்று கணக்குப் போட்ட யாரோ ஒருவர் அதைப் பூசி மறைத்திருக்கிறார்.

இந்த மூன்று மேற்பூச்சுகளையும் அருகருகே வைத்துப் பார்க்கும்படி வாசகரை வேண்டுகிறோம். ஒரு கை, கண்ணியமான படத்திலிருந்து அசிங்கத்தை நீக்குகிறது. இன்னொரு கை, வேடிக்கையான படத்திலிருந்து மரணத்தை நீக்குகிறது. இரண்டு கைகளின் நம்பிக்கையும் ஒன்றே: சிரிப்பும் தீவிரமும் ஒரே அறையில் இருக்கக் கூடாது. இந்த ஓவியர்களோ அவை ஒரே அறையில்தான் குடியிருக்கின்றன என்பதைக் கண்டு சொன்னவர்கள். அதனால்தான் அவர்கள் நமக்கு வேண்டியவர்கள்; அதனால்தான் அவர்கள்மேல் இத்தனை பூச்சு.

*

இந்த இளக்காரத்துக்கு நீண்ட வரலாறு உண்டு. போர்ச்சுகீசிய ஓவியர் ஃப்ரான்சிஸ்கோ த ஹோலாண்டா 1548இல் எழுதிய உரையாடல் நூலில் மைக்கேலாஞ்சலோ ஃப்ளெமிய ஓவியத்தைப் பற்றி ஒரு தீர்ப்பு வழங்குகிறார். அது பெண்களுக்குப் பிடிக்கும், அதிலும் மிக முதியவர்களுக்கும் மிக இளையவர்களுக்கும். துறவியருக்கும் கன்னியருக்கும் பிடிக்கும். உண்மையான இசைவை உணரும் திறனற்ற சில கனவான்களுக்கும் பிடிக்கும் என்பது அதன் சாரம். உலக மக்கள்தொகையில் இதற்குப் பின் எஞ்சுபவர்கள் எத்தனை பேர் என்று நாம் எண்ணிப் பார்த்தோம். மைக்கேலாஞ்சலோவும் சில நண்பர்களும்தான் தேறுகிறார்கள்.

பிரெஞ்சு மன்னர் பதினான்காம் லூயி, டெனியர்ஸின் குடியானவர் படங்களைக் கண்டு இந்தக் கோமாளிகளை அகற்றுங்கள் என்று சொன்னதாக ஒரு கதை வழங்குகிறது. இங்கிலாந்தின் ராயல் அகாடமித் தலைவர் ஜோஷுவா ரெனால்ட்ஸ் 1774ஆம் ஆண்டுச் சொற்பொழிவில் யான் ஸ்டேனுக்காக இரங்கினார். இத்தனை திறமையுள்ள மனிதர் லெய்டனில் பிறக்காமல் இத்தாலியில் பிறந்திருந்தால், மைக்கேலாஞ்சலோவும் ரஃபேலும் அவருக்கு ஆசான்களாக வாய்த்திருந்தால் எவ்வளவு உயர்ந்திருப்பார் என்று அவருக்குக் கவலை. யான் ஸ்டேன் மதுவடிசாலையைக் குத்தகைக்கு எடுத்தவர். 1672இல் லெய்டனில் மதுவிடுதி திறந்தவர். அலங்கோலமான வீட்டை டச்சுக்காரர்கள் இன்றும் 'யான் ஸ்டேன் வீடு' என்றே சொல்கிறார்கள். மௌரிட்ஸ்ஹௌஸ் அருங்காட்சியகத்திலுள்ள அவருடைய ஒரு படத்தில், தாயைப் போலப் பிள்ளை நூலைப் போலச் சேலை என்ற பழமொழியின் டச்சு உறவினன் காட்சியாகிறான்: பெரியவர்கள் பாட, குடிக்க, ஒரு தந்தை தன் சிறுவனுக்குப் புகைக்குழாய் பிடிக்கக் கற்றுக்கொடுத்துக் கெக்கலிக்கிறார். அந்தப் பொறுப்பற்ற தந்தையின் முகம் ஓவியர் ஸ்டேனுடையது. ஊருக்கு உபதேசம் செய்யும் படத்தில் குற்றவாளியாகத் தன்னையே நிறுத்தும் இந்த நேர்மையை ரஃபேலிடம் எந்த வகுப்பில் கற்றுக்கொள்வது?

இந்தப் பரிதாப மரபு இன்றும் உயிரோடிருக்கிறது, வரிசையில் நிற்கிறது. 2023இல் ஆம்ஸ்டர்டாமின் ரைக்ஸ் அருங்காட்சியகத்தில் வெர்மீரின் 28 ஓவியங்கள் ஒன்றுதிரட்டிக் காட்டப்பட்டன. 6,50,000 பேர் பார்த்தார்கள். நுழைவுச் சீட்டுகள் தீர்ந்து போயின. மகிழ்ச்சியே. ஆனால் பக்தி எத்தகைய பார்வையாளனை உருவாக்கும் என்பதற்கும் அதே வெர்மீரின் வரலாற்றில் ஒரு பாடம் இருக்கிறது. 1937இல் ஹான் வான் மேஹரன் என்ற போலி ஓவியர், எம்மாவுஸ் இராவுணவை வரைந்து வெர்மீர் என்று உலவவிட்டார். டச்சு ஓவியத்தின் ஆகப்பெரிய நிபுணர்களுள் ஒருவரான ஆப்ரஹாம் ப்ரேடியுஸ் அதை வெர்மீரின் தலைசிறந்த படைப்பாகக் கொண்டாடினார். ராட்டர்டாமின் பாய்மன்ஸ் அருங்காட்சியகம் அதை அடைந்தது. 1945இல் போலியரே வாய் திறக்கும்வரை அது புனிதப் பொருளாகவே இருந்தது. இன்று அந்தப் படத்தைப் பார்த்தால் கனத்த இமைகளும் சோகை பிடித்த முகங்களுமாக நமக்குச் சிரிப்புத்தான் வருகிறது. ப்ரேடியுஸுக்கு வரவில்லை. தீவிரம் இருந்தது, மௌனம் இருந்தது, வெர்மீர் என்ற பெயரும் இருந்தது. அவருக்கு அது போதுமாயிருந்தது.

*

சரி, அந்தப் பெரியவர்கள் சிரிப்பை எப்படி நடத்தினார்கள்? ரூபென்ஸ் இறந்தபோது (1640) எடுத்த சொத்துப் பட்டியலில் ஆட்ரியன் ப்ரௌவரின் ஓவியங்கள் 17 இருந்தன. ரெம்ப்ராண்ட் திவாலானபோது (1656) எடுத்த பட்டியலிலும் ப்ரௌவர் இருக்கிறார். பேரரசர்களுக்கும் இராணிகளுக்கும் வரைந்த ரூபென்ஸ், தன் வீட்டுச் சுவருக்கு வாங்கியது மதுக்கடைச் சண்டைக்காரர்களை. ரெம்ப்ராண்டோ இன்னும் ஒரு படி மேலே போனார். நல்ல சமாரியன் கதையைச் சொல்லும் 1633ஆம் ஆண்டுச் செதுக்கோவியத்தில், கருணையின் உச்சக் காட்சிக்கு முன்னால், படத்தின் முகப்பிலேயே, ஒரு நாய் மலம் கழித்துக்கொண்டிருக்கிறது. 1635இல் அவர் வரைந்த கனிமீட், கழுகாக வந்த தேவராசன் தூக்கிச் செல்லும் அழகிய வாலிபனாக இல்லை. பயத்தில் வீறிட்டழுது சிறுநீர் கழிக்கும் குண்டுக் குழந்தை. ரெம்ப்ராண்டின் அகம் பற்றி எழுதுபவர்கள் அந்த நாயையும் சற்றுக் கண்டுகொண்டால் நல்லது.

ப்ரௌவர் (சுமார் 1605-1638) பிறந்தது ஃப்ளாண்டர்ஸின் அவுடனார்டில். வாழ்ந்து தேர்ந்தது வடக்கே ஹார்லெமில். திரும்பி வந்து இறந்தது ஆண்ட்வெர்ப்பில். வடக்கு அன்று ஸ்பெயினிடமிருந்து பிரிந்த புராட்டஸ்டண்ட் குடியரசு. தெற்கு ஸ்பானிய ஆட்சியில் இருந்த கத்தோலிக்க நாடு. எல்லையின் இரு பக்கமும் மனிதர்கள் ஒரே மாதிரித்தான் குடித்துவிட்டு உளறுகிறார்கள் என்பதைக் கண்ணால் கண்ட சாட்சி அவர். ஃப்ராங்க்ஃபர்ட்டின் ஷ்டேடல் அருங்காட்சியகத்தில் உள்ள 'கசப்பு மருந்து' என்ற சிறு படத்தைப் பாருங்கள். ஒருவன் கசப்பான எதையோ விழுங்கிவிட்டான். வாய் கோணுகிறது, புருவம் நெரிகிறது, கன்னம் சுருங்கி மேலேறுகிறது. அவ்வளவே படம். முகத்தின் ஒவ்வொரு தசையும் எப்படி இழுபடும் என்று இத்தனை துல்லியமாகக் கவனித்தவன் உடற்கூற்றாசிரியனுக்கு நிகரானவன். சிலுவையில் அறையப்பட்டவரின் வலியை இதே துல்லியத்தோடு வரைந்திருந்தால் அவரை மகாகலைஞன் என்றிருப்போம். கஷாயம் குடித்தவனை வரைந்ததால் 'நகைச்சுவை ஓவியர்' என்கிறோம். வலி வலிதானே? கசப்புக்குத் தேவ இரகசியம் ஏதும் இல்லாததால் அதன் மதிப்புக் குறைந்துவிடுமா?

1633இல் ப்ரௌவர் ஆண்ட்வெர்ப் கோட்டைச் சிறையில் இருந்தார். அந்தக் கோட்டையில் ரொட்டிக்கடை நடத்தியவர் யோஸ் வான் க்ராஸ்பேக். இருவரும் பழகியதில் ரொட்டிக்காரர் ஓவியராகிவிட்டார் என்பது மரபுவழிச் செய்தி. ஏறத்தாழ அதே காலத்தில் அவர் ஓவியர் சங்கத்தில் உறுப்பினராகச் சேர்ந்ததும் உண்மை. கார்ல்ஸ்ரூஹ நகரில் இருக்கும் அவருடைய 'புனித அந்தோணியாரின் சோதனை' ஓவியத்தில் ஆசைகாட்டும் மோகினி ஓரமாகிவிடுகிறாள். நடுவே வாயைப் பிளந்த ஓர் இராட்சதத் தலை கிடக்க, அதன் வாயிலிருந்து விசித்திரப் பிறவிகள் வெளியேறுகின்றன. அடுப்பின் திறந்த வாயைத் தினமும் பார்த்தவரின் கற்பனை என்று சொல்லத் தோன்றுகிறது. இவருடைய பெயரை நம் கலைக் கட்டுரைகளில் எத்தனை முறை படித்திருக்கிறோம் என்று வாசகர்களே எண்ணிப் பார்க்கட்டும். ஒரு விரல்கூடத் தேவைப்படாது என்பது நம் ஊகம்.

*

ஐம்புலன்கள் என்பது ஐரோப்பிய ஓவியத்தின் மரியாதைக்குரிய பாடுபொருள். பார்வைக்குக் கண்ணாடி ஏந்திய பெண், கேள்விக்கு யாழ், முகர்தலுக்கு மலர்க்கொத்து என்று அதற்கு அழகிய வாய்பாடுகள் உண்டு. யூடித் லெய்ஸ்டரை 1636இல் மணந்த யான் மீன்ஸ மோலெனார் மறு ஆண்டே ஐம்புலன்களை ஐந்து சிறு பலகைகளில் வரைந்தார். ஒவ்வொன்றும் பள்ளி நோட்டுப் புத்தகத்தின் அளவுதான். ஐந்தும் மௌரிட்ஸ்ஹௌஸில் இருக்கின்றன. முகர்தல் என்ற பலகையில் மலர் இல்லை. தாய் தன் குழந்தைக்குக் கழுவித் துடைத்துவிடுகிறாள். அருகிலிருக்கும் ஆண் மூக்கைப் பிடித்துக்கொள்கிறான். தொடுதல் என்ற பலகையில் காதலர் கைகள் கோத்துக்கொள்ளவில்லை. மனைவி செருப்பைக் கழற்றிக் கணவனின் தலையில் சாத்துகிறாள். தொடுதல்தானே கேட்டீர்கள்?

இதில் இருப்பது வெறும் குறும்பு என்பவர்களுக்கு நம் பதில் இதுதான். புலன்களைப் பற்றிய தத்துவங்கள் அனைத்தும் நறுமணத்தையும் இன்னிசையையும் கொண்டே எழுதப்பட்டவை. மனிதன் தன் மூக்கை நாள்தோறும் எதற்குப் பயன்படுத்துகிறான் என்ற கேள்வியைக் கேட்டவர் மோலெனார். அதிலும் மூக்கைப் பிடிக்கும் ஆணையும், மூக்கைப் பிடிக்க ஒரு கை மிச்சமில்லாத தாயையும் அவர் அருகருகே வைத்திருக்கிறார். குடும்பம் என்ற அமைப்பைப் பற்றி இதைவிடச் சுருக்கமாகச் சொன்ன ஓவியம் நம் நினைவுக்கு வரவில்லை.

அவர் மனைவியின் கதை வேறு வகையான நகைச்சுவை. லெய்ஸ்டர் 1633இல் ஹார்லெம் ஓவியர் சங்கத்தில் தேர்ச்சி பெற்ற ஓவியராகச் சேர்க்கப்பட்டவர். குடும்பத்தின் மதுவடிசாலைப் பெயரிலிருந்து வந்த 'லெய்ஸ்டர்' என்ற சொல்லுக்கு வழிகாட்டும் விண்மீன் என்று பொருள். எனவே பெயரின் முதலெழுத்துகளோடு ஒரு விண்மீனைச் சேர்த்துக் கையொப்பமிட்டார். இறந்த பிறகு அவர் அடியோடு மறக்கப்பட்டார். படங்கள் ஃப்ரான்ஸ் ஹால்ஸின் பெயரில் விற்கப்பட்டன. ஹால்ஸ் என்று வாங்கிய ஒரு படத்தில் விண்மீன் தென்பட்டபோது, வாங்கியவர்கள் விற்றவர்மேல் வழக்குத் தொடுத்தார்கள். 1893இல் கார்னேலிஸ் ஹோஃப்ஸ்டேட த க்ரோட் என்ற ஆய்வாளர் அந்த விண்மீனைக் கொண்டு லெய்ஸ்டரை மீண்டும் கண்டெடுத்தார். அந்தப் படம் இன்று லூவ்ரில் இருக்கிறது. நேற்றுவரை மேதையின் தூரிகை என்று போற்றிய அதே படம், ஒரு பெண் வரைந்தது என்றானதும் வழக்குப் பொருளாகிவிட்டது. படத்தில் ஒரு புள்ளிகூட மாறவில்லை. விலை மட்டும் மாறியது. பார்ப்பதாகச் சொல்லிக்கொண்டு நம் கனவான்கள் உண்மையில் படித்துக்கொண்டிருந்தது கையொப்பத்தைத்தான். ரைக்ஸ் அருங்காட்சியகத்தின் மேதைகள் கூடத்தில் பெண் ஓவியர்களின் படைப்புகள் தொங்க 2021வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அந்த முதல் மூவருள் லெய்ஸ்டரும் ஒருவர்.

*

சிரிப்பை நேரடியாக ஒதுக்குபவர்களைவிட, அணைத்துக் கொல்பவர்களிடம்தான் நமக்குக் கூடுதல் அச்சம். இவர்கள் நீதிபோதகர்கள். படத்தில் சிப்பி இருந்தால் காமம். உடைந்த குடம் இருந்தால் இழந்த கற்பு. சோப்புக் குமிழி இருந்தால் வாழ்வின் நிலையாமை. கையில் ஓர் அகராதியை வைத்துக்கொண்டு படத்திலுள்ள ஒவ்வொரு பொருளுக்கும் பக்கத்தில் பொருள் எழுதி முடித்ததும், படம் தீர்ந்துவிட்டதென்று அடுத்த அறைக்குப் போய்விடுவார்கள்.

1976இல் ரைக்ஸ் அருங்காட்சியகத்தில் ஆய்வாளர் எடி த யோங் ஒரு பெரும் கண்காட்சியை அமைத்தார். அன்றாட வாழ்வைக் காட்டும் டச்சு ஓவியங்களில் அக்கால நீதிநூற் படங்களின் குறியீடுகள் மறைந்திருப்பதை அது எடுத்துக் காட்டியது. அது உண்மையிலேயே பெரும் பணி. அதன் தலைப்பு 'அறிவுறுத்தவும் மகிழ்விக்கவும்' என்ற பொருள் தருவது. பின்வந்த பலர் முதல் சொல்லைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு இரண்டாவதை வழியில் தவறவிட்டுவிட்டார்கள். 1983இல் ஸ்வெட்லானா ஆல்பர்ஸ், இந்த ஓவியங்கள் உலகைக் கண்ணால் கண்டு விவரிப்பதில் கொண்ட ஆவலே முதன்மையானது என்று எதிர்வாதம் வைத்தார். நாம் இருவரிடமிருந்தும் கற்கிறோம். ஆனால் இந்தச் சண்டையில் இரு தரப்பும் போதுமான அளவுக்குச் சிரிக்கவில்லை என்பது நம் குறை.

லண்டன் தேசிய ஓவியக் கூடத்தில் லெய்ஸ்டரின் இன்னொரு படம் இருக்கிறது. ஒரு சிறுவனும் சிறுமியும். சிறுவன் கையில் பூனையும் விலாங்கும். சிறுமி பூனையின் வாலைப் பிடித்திருக்கிறாள். நம்மை நோக்கி ஒரு விரலை உயர்த்துகிறாள். விலாங்கின் வாலைப் பிடித்தவன் கையில் மீன் தங்காது, பூனையோடு விளையாடினால் கீறல் நிச்சயம் என்ற டச்சுப் பழமொழிகளை இங்கே நினைவூட்டுவார்கள். சரியே. ஆனால் இதற்குள் ஒரு பகடி இருப்பதைப் பாருங்கள். எச்சரிக்கை விரலை உயர்த்துகிறவளே பூனையின் வாலை இழுக்கிறவள். போதனை செய்யும் கையும் குற்றம் செய்யும் கையும் ஒரே உடலில் இருக்கின்றன. நீதியைச் சொல்லும் படம் இது. நீதி சொல்பவர்களைப் பற்றிய படமும் இதுவே. நீதிபோதகர்கள் அந்த விரலை மட்டும் பார்த்துத் தலையாட்டிவிட்டுப் போகிறார்கள்.

*

சிரிப்பு வலிமையற்றது, அதிகாரத்தின் முன் அது வெறும் கேளிக்கை என்று நம் தீவிர நண்பர்கள் சொல்லக்கூடும். அவர்களை ஆட்ரியன் வான் த வென்ன 1614இல் வரைந்த 'ஆன்மாக்களைப் பிடிக்கும் மீனவர்கள்' முன்னால் நிறுத்த விரும்புகிறோம். ஸ்பெயினுக்கும் வடக்குக்கும் இடையே 12 ஆண்டுப் போர்நிறுத்தம் நடந்துகொண்டிருந்த காலம். அகன்ற ஆறு, இடக்கரையில் புராட்டஸ்டண்டுகள், வலக்கரையில் கத்தோலிக்கர்கள். ஆற்றில் ஆடையற்ற மனிதர்கள் தத்தளிக்கிறார்கள். இரு தரப்புப் படகுகளும் வலை வீசி அவர்களைப் பிடிக்கின்றன. வென்ன வடக்கின் ஆள். அவருடைய சாய்வு தெளிவாகவே தெரிகிறது. ஆயினும் மீட்பு என்ற புனிதச் சொல்லை மீன்பிடித் தொழிலாக வரைந்துவிட்ட பிறகு எந்தப் படகிலும் முழுப் புனிதம் மிஞ்சுவதில்லை. இரு கரைகளையும் இணைத்து வானில் ஒரு வானவில். அதைக் கவனிக்க யாருக்கும் நேரமில்லை; எல்லோரும் ஆள் பிடிப்பதில் மும்முரமாக இருக்கிறார்கள். ஆள் சேர்க்கும் அமைப்பு எதையேனும் அருகிலிருந்து பார்த்தவர்களுக்கு இந்தப் படத்துக்கு உரை தேவையில்லை.

1637 பிப்ரவரியில் டூலிப் கிழங்குகளின் ஊக வணிகம் சரிந்தது. இளைய யான் ப்ரூகெல் 1640ஐ ஒட்டி அதைக் குரங்குகளின் கதையாக வரைந்தார். குரங்குகள் விலை பேசுகின்றன, விருந்துண்கின்றன, நீதிமன்றத்துக்கு இழுக்கப்படுகின்றன. ஒன்று டூலிப் மலர்கள்மேல் சிறுநீர் கழிக்கிறது. இன்னொன்றைப் புதைக்கத் தூக்கிச் செல்கிறார்கள். குரங்கு கையில் பூமாலை என்ற நம் பழமொழியை அறியாமலே அவர் அதற்குப் படம் வரைந்து கொடுத்திருக்கிறார். டேவிட் டெனியர்ஸின் குரங்குகளோ தூரிகை பிடிப்பவை. மாத்ரீதின் ப்ராதோவில் அவருடைய ஓவியக் குரங்கு சட்டத்தின் முன் அமர்ந்து வரைந்துகொண்டிருக்கிறது. இதே டெனியர்ஸ்தான் பிரஸ்ஸல்ஸில் பேராளுநர் லெயோபோல்ட் வில்ஹெல்மின் ஓவியச் சேகரிப்பைப் பேணியவர், அதற்குப் படங்களோடு கூடிய பட்டியல் நூலை 1660இல் வெளியிட்டவர். கலையின் உள் அறை வரை போய்வந்தவர் குரங்கை வரைந்தால் அதில் அறிக்கை ஒன்று இருக்கிறது என்றே நாம் கொள்வோம்.

*

ஒரு மறுப்பை நாமே எழுப்பிக்கொள்ள வேண்டும். இந்த ஓவியங்களை வாங்கிக் குவித்த டச்சு வணிகர்களின் பணம் எங்கிருந்து வந்தது? அதில் ஒரு பங்கு நம் கரையிலிருந்து போனது. 1610இல் பழவேற்காட்டில் கால்பதித்து, 1613இல் கெல்ட்ரியா கோட்டையை எழுப்பிய டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி, சோழமண்டலக் கரையின் துணிகளைக் கொடுத்துக் கிழக்குத் தீவுகளின் நறுமணப் பொருட்களை வாங்கியது. 1620களில் இதே கரையிலிருந்து மனிதர்களும் அடிமைகளாகக் கப்பலேற்றப்பட்டார்கள். அந்தச் செல்வத்தில் விளைந்த படங்களைப் பார்த்து நாம் சிரிக்கலாமா?

அந்தக் கணக்கை யாரும் மறக்க வேண்டாம் என்பதே நம் பதிலின் முதல் பகுதி. இரண்டாம் பகுதி: அந்தக் கணக்கைக் கேட்கும்போது வெர்மீரின் மௌனத்துக்கு மட்டும் விலக்கு அளிக்கக் கூடாது. முத்துகளும் சீனக் கிண்ணங்களும் கீழைத்தேயக் கம்பளங்களும் உள்ள தூய அறைகளில்தான் அந்தக் கப்பல்கள் கண்ணுக்குத் தெரியாமல் வந்து நிற்கின்றன. சிரிக்கும் ஓவியர்கள் தங்கள் சமூகத்தின் பேராசையையும் பெருந்தீனியையும் பூசி மெழுகாமல் காட்டிக்கொடுத்தார்கள். பழவேற்காட்டின் டச்சுக் கல்லறைத் தோட்டத்தின் நுழைவாயிலில் கல்லில் செதுக்கிய இரண்டு எலும்புக்கூடுகள் நிற்கின்றன. லெய்ஸ்டரின் குடியர்களுக்கு நடுவே நிற்பவரின் உறவினர்கள். அங்கே போகிறவர்கள் அவர்களையும் பார்த்துவிட்டு வரலாம். அவர்கள்மேல் இதுவரை யாரும் புதர் வரையவில்லை.

*

கடைசியாக ஓர் ஓவியம். கோபன்ஹேகனில், டென்மார்க்கின் தேசிய ஓவியக் கூடத்தில் இருப்பது. ஆண்ட்வெர்ப்பிலிருந்து சென்று டேனிஷ் அரசவையில் பணியாற்றிய கார்னேலியஸ் ஹைஸ்ப்ரெக்ட்ஸ் 1670இல் வரைந்தது. அதில் நாம் காண்பது ஓர் ஓவியத்தின் பின்பக்கம்: மரச்சட்டம், ஆணிகள், பழுப்பேறிய துணி, மூலையில் 36 என்று எண்ணிட்ட சிறு சீட்டு. முன்பக்கம் என்ன இருக்கிறதென்று திருப்பிப் பார்த்தால், அங்கேயும் ஓவியத்தின் பின்பக்கம்தான் இருக்கும், இம்முறை நிசமாகவே. ஓவியம் என்பது துணியும் மரமும் ஆணியுமே என்று அது நமக்குக் காட்டுகிறது. அதைக் காட்டும்போதே நம் கண்ணை முற்றாக ஏமாற்றியும் விடுகிறது. 20ஆம் நூற்றாண்டில் யாரேனும் செய்திருந்தால் இதற்கு மூன்று கோட்பாட்டு நூல்களும் ஒரு கருத்தரங்கும் கிடைத்திருக்கும். 17ஆம் நூற்றாண்டு ஃப்ளெமியர் செய்ததால் 'கண்கட்டு வேடிக்கை' என்று பட்டியலில் சேர்த்துவிட்டோம்.

நாம் முன்வைப்பது எளிய வேண்டுகோள். ரைக்ஸ் அருங்காட்சியகம் போன்றவை தங்கள் ஓவியங்களைப் பெரிதாக்கிப் பார்க்கும் தெளிவில் இணையத்தில் இலவசமாகத் தருகின்றன. விமானச் சீட்டு வேண்டாம், வரிசை வேண்டாம். ஹெண்ட்ரிக் ஆவர்காம்ப் 1608ஐ ஒட்டி வரைந்த பனிக்காலக் காட்சியை எடுத்துக்கொள்ளுங்கள். கம்பன் நகரில் வாழ்ந்த அந்த ஓவியர் பேச இயலாதவர். ஊரார் அவரைக் கம்பன் ஊமை என்றே அழைத்தார்கள். உறைந்த நீர்மேல் சறுக்குபவர்கள், விழுபவர்கள், காதலிப்பவர்கள் எனப் பெருங்கூட்டம். பேச்சில்லாத மனிதரின் படம் என்பதற்காக மௌனம் என்ற சொல்லை உடனே எடுத்துவிட வேண்டாம். சந்தைக்கடை இரைச்சல் அது. ஒவ்வொரு மூலையாகப் பெரிதாக்குங்கள். ஒரு பழைய கதவைக் குச்சியால் முட்டுக்கொடுத்துப் பறவைகளுக்கு வைத்த பொறி தெரியும். சிறுநீர் கழிப்பவன் தெரிவான். யாருடையதென்று தெரியாத ஒரு வெற்றுப் பிட்டமும் தெரியும். இவை எல்லாவற்றையும் கண்டு முடித்த பிறகு மேலே பாருங்கள்: எல்லைக்கோடே இல்லாமல் பனியும் வானும் கலக்கும் அந்த வெண்சாம்பல் ஒளியைச் சொல்ல நம் பூசாரிகளிடம்கூடச் சொற்கள் இல்லை. இரண்டும் ஒரே பலகையில், ஒரே கை வரைந்தவை.

மறுப்பு உள்ளவர்கள் தாராளமாக எழுதலாம். எழுதுவதற்கு முன் ப்ரௌவரின் கசப்பு மருந்தை ஒருமுறை பார்த்துவிட்டு எழுதுமாறு கேட்டுக்கொள்கிறோம். சிரிக்காமல் பார்த்து முடிப்பவர்களோடு விவாதிக்க நமக்கு விருப்பமில்லை.